காயில் ஓவர் சஸ்பென்ஷன்: சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு வரலாறு

காயில் ஓவர் என்பது மோட்டார் வாகனங்களின் சஸ்பென்ஷன் அமைப்பில், ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில்லைப் பொருத்தி இரண்டையும் ஒரே உறுப்பாக்கிய அமைப்பு ஆகும். ஷாக் அப்சார்பரின் மேல் சுருள்வில் அமர்ந்திருப்பதால் இப்பெயர் வந்தது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் காணப்படும், வில் சுற்றிய ஷாக் அப்சார்பர் இதே வகையைச் சேர்ந்தது. கார்களில், குறிப்பாக எடை குறைந்த இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில், வில்லைத் தாங்கும் தட்டு மரையுள்ள வளையமாக அமைக்கப்படும்போது அதைச் சரிசெய்யத்தக்க காயில் ஓவர் என்பர். வளையத்தைத் திருகினால் கார் நிற்கும் உயரம் மாறும். வேறு விறைப்புள்ள வில்லை மாற்றிப் பொருத்தலாம். பல வகைகளில் தணிப்பின் அளவையும் ஒரு குமிழால் மாற்றலாம்.

உயரம், விறைப்பு, தணிப்பு ஆகிய மூன்றும் பழைய வாகனங்களில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறின. அவற்றைத் தனித்தனியே மாற்றும் வழி ஏறத்தாழ நூறாண்டுகளில் படிப்படியாக உருவானது. எனினும் அவை முழுமையாகப் பிரிந்துவிடவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் காரைத் தாழ்த்துவதே இவ்வமைப்பைப் பயன்படுத்துவோரிடம் காணப்படும் முதன்மையான தவறு ஆகும்.

வில்லும் உராய்வும்

வில்லின் நீட்சி அதன் மீது செயல்படும் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும் என்ற விதியை இங்கிலாந்து அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். குதிரை வண்டிகளுக்கு அக்காலத்தில் பயன்பட்டவை தோல் வார்களும் எஃகுப் பட்டைகளும் ஆகும். 1804இல் ஒபதையா எலியட் நீள்வட்ட வடிவப் பட்டைவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். பல எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும் இம்முறை பின்னர் மோட்டார் கார்களுக்கும் வந்தது. லாரிகளில் இன்றும் அது தொடர்கிறது.

பட்டைவில் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்தது. அது வண்டியின் பாரத்தைத் தாங்கியது. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டத்தையும் ஓரளவு அடக்கியது. ஆனால் அந்த உராய்வைக் கட்டுப்படுத்த முடியாது. துரு ஏறினால் அது கூடும். எண்ணெய் பட்டால் குறையும். சிறிய மேடுகளில் பட்டைகள் நகராமல் ஒட்டிக்கொள்வதால் அதிர்ச்சி நேரே உடற்பகுதிக்குச் செல்லும்.

சுருள்வில்லில் இந்த உராய்வு இல்லை. அதனால் அது சிறிய மேடுகளுக்கும் உடனே அசைந்து கொடுக்கும். ஆயினும் ஒருமுறை அசைந்தால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே சுருள்வில்லைப் பயன்படுத்த வேண்டுமெனில் ஆட்டத்தை அடக்கத் தனியான கருவி தேவைப்பட்டது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் இணைபிரியாமல் வளர்ந்ததற்கு இதுவே காரணம். ஷாக் அப்சார்பர் என்ற பெயர் அதிர்ச்சியை ஏற்பது என்று பொருள்பட்டாலும், அதிர்ச்சியை ஏற்பது வில்லே. ஷாக் அப்சார்பர் அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுகிறது.

முதல் தணிப்பான்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த ட்ரூஃபோ உருவாக்கிய உராய்வுத் தணிப்பானை அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கத்தரிக்கோல் போன்ற இரு கைகளுக்கு நடுவே வட்டத் தகடுகள் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள நட்டை இறுக்கினால் தணிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். சஸ்பென்ஷனை உரிமையாளரே தன் விருப்பப்படி மாற்றும் வழி இங்கே தொடங்குகிறது. 1930களில் பிரிட்டனில் விற்கப்பட்ட ஆண்ட்ரே டெலிகன்ட்ரோல் என்ற கருவியில், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே இந்த இறுக்கத்தை மாற்றலாம்.

உராய்வுத் தணிப்பானுக்கு ஒரு குறை இருந்தது. அதன் தடை மெதுவான அசைவுக்கும் வேகமான அசைவுக்கும் ஏறத்தாழ ஒன்றே. எண்ணெயைச் சிறு துளை வழியே செலுத்தினால் தடை வேகத்துக்கேற்பக் கூடும். இக்கருத்தில் அமைந்த சுழல் வகைத் தணிப்பானுக்குப் பிரெஞ்சுக்காரரான மொரிஸ் ஹுடாய் 1908இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஃபோர்டு மாடல் ஏ கார் அவ்வகையைப் பரவலாக்கியது. நெம்புகோல் இல்லாமல், ஒரு குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் வடிவம் 1930களில் பரவியது. அக்குழாயைச் சுற்றி வில்லைப் பொருத்த இயலும் என்பது பின்னர் பெரும் பயன் தந்தது.

வில்லையும் சக்கரத்தின் நகர்வுப் பாதையையும் ஒரே அச்சில் அமைக்கும் முயற்சி அதற்கு முன்பே நடந்திருந்தது. 1910இல் காட்சிக்கு வந்த மோர்கன் மூன்று சக்கர வண்டியில், முன்சக்கரங்கள் செங்குத்துத் தூண்களின் மீது வழுக்கி நகர்ந்தன. தூணைச் சுற்றிச் சுருள்வில் இருந்தது. 1922இல் வெளிவந்த இத்தாலியின் லான்சியா லாம்ப்டா காரில் இதே வகைத் தூணுக்குள் சுருள்வில்லும் எண்ணெய்த் தணிப்பானும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தன. இன்றைய காயில் ஓவரின் முன்னோடிகளாக இவற்றைக் கொள்ளலாம்.

ஆலியின் ஆய்வு

சஸ்பென்ஷனை அனுபவத்தால் மட்டும் அமைக்காமல் அளந்து அமைக்கும் முறைக்கு வித்திட்டவர்களில் மொரிஸ் ஆலி முக்கியமானவர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இவர் 1930இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி வைக்கத்தக்க ஒரு சோதனைக் காரை அவர் கெடிலாக்கில் உருவாக்கினார். எடைப் பகிர்வையும் வில்களின் விறைப்பையும் மாற்றி மாற்றிப் பயணம் செய்து பார்த்தனர்.

அச்சோதனையின் முடிவு அன்றைய வழக்கத்துக்கு எதிரானது. அன்று கார்களின் முன்வில்கள் விறைப்பாகவும் பின்வில்கள் மென்மையாகவும் இருந்தன. முன்வில் மென்மையாகவும் பின்வில் சற்று விறைப்பாகவும் இருந்தால் பயணம் சமநிலையாக இருக்கும் என்று ஆலி கண்டார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது; பின்சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. பின்பகுதியின் ஆட்டம் சற்று வேகமாக இருந்தால் அது முன்பகுதியின் ஆட்டத்தை எட்டிப் பிடிக்கும். அப்போது கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவது குறையும். மென்மையான முன்வில்லுக்குப் பழைய இரும்பு அச்சு பொருந்தவில்லை. எனவே 1934ஆம் ஆண்டுக் கெடிலாக் கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பும் சுருள்வில்களும் வந்தன.

இவ்வாய்வுக்குப் பின் வில்லை அதிர்வெண்ணால் அளக்கும் வழக்கம் வலுப்பெற்றது. பாரத்தால் வில் எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கொண்டே இயல்பு அதிர்வெண்ணைக் கணக்கிடலாம். சக்கரத்தில் அளக்கும் அமுக்கம் சுமார் 250 மி.மீ. எனில் அதிர்வெண் நொடிக்கு 1. சுமார் 62 மி.மீ. எனில் நொடிக்கு 2. முதலாவது சொகுசுக் காரின் மென்மைக்கு அருகில் உள்ளது. இரண்டாவது, சாலையில் ஓடும் காருக்கு மிகவும் விறைப்பானது.

மெக்ஃபர்சனும் சாப்மனும்

1940களின் இறுதியில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வில்லையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, அத்தூணையே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் உறுப்பாகவும் ஆக்கினார். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது ஒரு சிறிய காருக்காக இவ்வழியில் சிந்தித்த அவர், பின்னர் ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்றார். 1950இல் லண்டன் கண்காட்சியில் வெளியிடப்பட்ட ஃபோர்டு கான்சல், ஜெஃபைர் கார்களில் இது இடம்பெற்றது. உறுப்புகள் குறைவு என்பதால் இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பகுதி இவ்வகையிலேயே அமைகிறது.

சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் காயில் ஓவரை நிலைநிறுத்தியவர் காலின் சாப்மன். 1928இல் பிறந்த இவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றார். 1952இல் லோட்டஸ் இன்ஜினியரிங் நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டில் அறிமுகமான லோட்டஸ் மார்க் 6, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணங்களாக இணைத்த சட்டகத்தைக் கொண்டது. ஃபோர்டு கார்களின் பழைய உறுப்புகளை அதில் பயன்படுத்தலாம். முன்னும் பின்னும் சுருள்வில் சுற்றிய ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. 1957இல் வந்த லோட்டஸ் செவன் இதன் வாரிசு. அதன் உரிமையை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது. அதே வடிவம் இன்றும் தயாராகிறது.

குழாய்ச் சட்டகத்துக்குக் காயில் ஓவர் பொருந்தியதற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. காயில் ஓவருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போல்ட்டுகள் போதும். பாரம் முழுவதும் குழாய்கள் கூடும் ஒரு முனையில் இறங்குவதால் சட்டகம் இலேசாக இருக்கலாம். வீட்டிலேயே காரைப் பூட்டிக்கொள்ளும் வாடிக்கையாளருக்கும் அது எளிது. பந்தயத்துக்கு வேறு வில் வேண்டுமெனில் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

பந்தயக் களத்தில் மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1959இல் ஜாக் பிராபம் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற கூப்பர் காரின் பின்பகுதியில் குறுக்குவாட்டில் பொருத்திய பட்டைவில்லே இருந்தது. 1960இல் அவர் மீண்டும் வென்ற புதிய கூப்பரின் பின்பகுதிக்குச் சுருள்வில்கள் வந்தன.

1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான், சாப்மனின் கொள்கையைச் சாலைக் காரில் காட்டியது. அதன் எடை 700 கிலோவுக்கும் குறைவு. முன்பகுதியில் இரட்டை விஷ்போன்களும் காயில் ஓவர்களும், பின்பகுதியில் சாப்மன் தூண் எனப்படும் அமைப்பும் இருந்தன. நடுவே முதுகெலும்பு போன்ற உறுதியான எஃகுச் சேசிஸ் இருந்தது. வில்கள் மென்மையானவை, தணிப்பு நல்ல கட்டுப்பாடு உடையது. காரின் எடை குறைந்தால் மென்மையான வில்லே அதைத் தாங்கும். சேசிஸ் முறுக்கிக்கொள்ளாவிட்டால் சக்கரங்களின் கோணம் சரியாக நிற்கும். டயர் எப்போதும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். விறைப்பான வில்தான் வேகமான காருக்கு அடையாளம் என்ற எண்ணத்துக்கு எலான் மாறான சான்றாக அமைந்தது.

மரை வளையத்தின் வேலை

வில்லின் கீழ்த்தட்டை நகர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஷாக் அப்சார்பரின் வெளிக்குழாயில் பள்ளங்கள் வெட்டி, வேண்டிய பள்ளத்தில் வட்டக் கிளிப்பைப் பொருத்துவது ஒன்று. குழாயில் மரை வெட்டி, திருகு வளையத்தால் தட்டை ஏற்றி இறக்குவது மற்றொன்று. மரை வழி நுண்ணிய மாற்றத்துக்கு இடம் தருவதால் பந்தயக் கார்களில் அது நிலைத்தது. வளையம் தானாகக் கழலாதபடி கீழே ஒரு பூட்டு வளையம் இருக்கும். இரண்டையும் திருகச் சி வடிவ ஸ்பேனர் பயன்படுகிறது.

வளையத்தை மேலே திருகினால் வில் விறைப்பாகிறது என்பது பரவலான தவறான கருத்து. மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரின் படிகளைக் கூட்டி வைத்தால் வில் கடினமாகிவிடும் என்று சொல்வதும் இதே வகை. ஹூக் விதிப்படி வில்லின் விறைப்பு அதன் கம்பித் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகம் ஆகியவற்றால் அமைவது. வளையம் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை.

ஒரு கணக்கு இதை விளக்கும். 1 மி.மீ. அமுங்க 50 நியூட்டன் விசை தேவைப்படும் வில்லின் மீது 3,000 நியூட்டன் பாரம் இருந்தால் அது 60 மி.மீ. அமுங்கும். வளையத்தை 10 மி.மீ. உயர்த்தினாலும், மற்ற மூலைகளும் அதற்கேற்ப உயர்த்தப்பட்டால், வில்லின் மீதுள்ள பாரம் அதே 3,000 நியூட்டன்தான். எனவே வில் அதே 60 மி.மீ. அமுக்கத்தில் நிற்கும், காரின் உடற்பகுதி உயர்ந்துவிடும். மாறுவது வேறொன்று: ஷாக் அப்சார்பரின் பிஸ்டன் நிற்கும் இடம். கார் உயர்ந்தால் மேல்நோக்கிய பயணம் கூடி, கீழ்நோக்கிய பயணம் குறையும், தாழ்ந்தால் நேர்மாறாகும். இதைத் தவிர்க்கப் பிற்காலத்தில் இரண்டு மரைகள் கொண்ட காயில் ஓவர்கள் வந்தன. அவற்றில் கீழ்ப்பகுதியைத் திருகி முழு நீளத்தையும் மாற்றலாம். வில்லின் முன்னழுத்தமும் பிஸ்டனின் இடமும் மாறுவதில்லை.

தணிப்பை மாற்றும் வசதியும் இதே காலத்தில் வளர்ந்தது. டச்சு நிறுவனமான கோனியின் பழைய வகையில் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, முழுவதும் அமுக்கி, திருகினால் தணிப்பு மாறும். உயர் அழுத்த வாயு நிரப்பிய ஒற்றைக் குழாய் வகையைப் பிரெஞ்சு அறிவியலாளர் புர்சியே டி கார்பன் உருவாக்கினார். ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று 1957 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கியது. வாயு அழுத்தம் எண்ணெய் நுரைப்பதைத் தடுப்பதால், நீண்ட நேர ஓட்டத்திலும் தணிப்பு குறையாமல் இருந்தது.

விறைப்பின் காலம்

1970களின் பிற்பகுதியில் பந்தயக் கார்களின் வில்கள் திடீரென விறைப்பாயின. காரின் அடிப்பகுதியைச் சுரங்கம் போல் வடிவமைத்து, ஓடும் காற்றால் காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும் முறையை லோட்டஸ் கையாண்டது. லோட்டஸ் 79 காரில் மாரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலகச் சாம்பியன் ஆனார். இந்த உறிஞ்சும் விசை தரை இடைவெளியைப் பொறுத்தது. கார் ஆடினால் விசையும் ஏறி இறங்கும். அதைத் தடுக்கவே அணிகள் மிகவும் விறைப்பான வில்களைப் பொருத்தின. 1983இல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமானது.

அந்த விறைப்பு காற்றின் விசையை நிலைநிறுத்துவதற்காக வந்தது. டயரின் பிடிப்பைத் தனியே கூட்டுவது அதன் நோக்கமன்று. அத்தகைய காற்று விசை இல்லாத சாலைக் காருக்கு அதே காரணம் பொருந்தாது. ஆயினும் தாழ்ந்த உயரமும் விறைப்பான வில்லும் பந்தயத்தின் தோற்றமாகவே பலர் மனத்தில் பதிந்தன.

வளையத்தையே தேவையற்றதாக்கும் முயற்சியையும் லோட்டஸ் மேற்கொண்டது. கணினி கட்டுப்படுத்தும் எண்ணெய் அழுத்த சஸ்பென்ஷன் கொண்ட லோட்டஸ் 99டி காரில் அயர்ட்டன் சென்னா 1987இல் மொனாக்கோ பந்தயத்தை வென்றார். 1994 முதல் ஃபார்முலா 1 பந்தயங்களில் இவ்வகை தடைசெய்யப்பட்டது. அணிகள் மீண்டும் வில்லுக்கும் தணிப்பானுக்கும் திரும்பின.

மஸ்டா எம்எக்ஸ்-5

1970களில் குறைந்துபோன இலேசான ஸ்போர்ட்ஸ் கார் வகைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது ஜப்பானின் மஸ்டா எம்எக்ஸ்-5. இது 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளியிடப்பட்டது. தொஷிஹிகோ ஹிராய் இதன் திட்டத் தலைவர். எலான் உள்ளிட்ட பழைய பிரிட்டிஷ் கார்கள் இதற்கு முன்மாதிரியாக அமைந்தன. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன்களும், சுருள்வில் சுற்றிய ஷாக் அப்சார்பர்களும் இருந்தன. முதல் தலைமுறைக் காரின் எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது.

இக்காரின் கீழ் விஷ்போன்கள் சேசிஸுடன் சேருமிடத்தில் மையம் விலகிய போல்ட்டுகள் உள்ளன. அவற்றைத் திருப்பிச் சக்கரங்களின் கேம்பர், டோ கோணங்களை நான்கு மூலைகளிலும் சரிசெய்யலாம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த வில்தட்டு நிலையானது. உயரத்தை மாற்ற முடியாது. மரையுள்ள காயில் ஓவரைப் பொருத்தும் உரிமையாளருக்கு உயரமும் கைக்கு வருகிறது. அத்துடன் தொழிற்சாலை செய்துவைத்த சமநிலையைக் காக்கும் பொறுப்பும் வந்துசேர்கிறது.

சீரமைக்கும் முறை

பந்தயக் களத்தில் உருவாகி, பின்னர் சாலைக் கார்களுக்கும் வந்த சீரமைப்பு முறையில் வேலைகளின் வரிசை முக்கியம். முன் வேலையின் மாற்றம் பின் வேலையைப் பாதிப்பதால் வரிசை மாறினால் உழைப்பு வீணாகும்.

முதலில் டயர்களின் காற்றழுத்தம் சரிபார்க்கப்படுகிறது. எரிபொருள் வழக்கமான அளவில் இருக்க வேண்டும். ஓட்டுநரின் எடைக்குச் சமமான பாரம் அவரது இருக்கையில் வைக்கப்படுகிறது. ஒருவரின் எடை இலேசான காரின் எடையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்க இயலாது. தரை நான்கு சக்கரங்களின் கீழும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக உயரம் அமைக்கப்படுகிறது. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளக்கின்றனர். விஷ்போன் அமைப்பில் காயில் ஓவரின் கீழ்முனை கையின் நடுப்பகுதியில் பொருந்துவதால், வளையத்தின் நகர்வும் சக்கரத்தின் நகர்வும் சமமாக இரா. சக்கரம் 10 மி.மீ. நகரும்போது வில் 7 மி.மீ. அமுங்கினால் அந்த விகிதம் 0.7 ஆகும். மரை இடைவெளி 2 மி.மீ. எனில் வளையத்தின் ஒரு சுற்று காரின் உயரத்தைச் சுமார் 2.9 மி.மீ. மாற்றும். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தால் குறையும்: 0.7இன் வர்க்கம் 0.49. ஆகவே வில்லின் விறைப்பில் பாதியளவே சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு காருக்குப் பொருந்தும் வில்லின் எண்ணை மற்றொரு காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவதாக மூலைப்பாரம் பார்க்கப்படுகிறது. நான்கு சக்கரங்களும் தனித்தனி எடைத்தட்டுகளில் நிறுத்தப்படுகின்றன. ஆன்டி ரோல் பாரின் இணைப்பு கழற்றப்படுகிறது. இல்லையெனில் அது ஒருபக்க பாரத்தை மறுபக்கம் கடத்தும். 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரில் இடமுன் 270, வலமுன் 240, இடப்பின் 230, வலப்பின் 260 கிலோ எனக் கொள்ளலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் தலா 500 கிலோ. பார்வைக்குக் கார் சமமாக இருக்கும். ஆனால் இடமுன், வலப்பின் ஆகிய மூலைவிட்ட இணை 530 கிலோவையும், மற்ற இணை 470 கிலோவையும் தாங்குகின்றன. இத்தகைய கார் இடப்புறம் திரும்பும்போது ஒருவிதமாகவும் வலப்புறம் திரும்பும்போது வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது பாரம் குறைந்த முன்சக்கரம் முதலில் வழுக்கும்.

நான்கு கால் மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால், அந்தக் காலும் அதற்கு மூலைவிட்ட எதிரில் உள்ள காலும் கூடுதல் பாரம் ஏற்கும்; மற்ற இரண்டும் இலேசாகும். வளையமும் அப்படியே செயல்படுகிறது. மேற்சொன்ன காரில் வலமுன், இடப்பின் வளையங்களைச் சற்று உயர்த்தி, மற்ற இரண்டையும் சற்று இறக்கினால் இரு இணைகளும் 500 கிலோவை நெருங்கும். முன்பாரம், பின்பாரம், இடப்பாரம், வலப்பாரம் ஆகிய மொத்தங்களை வளையத்தால் மாற்ற முடியாது. அதற்குப் பேட்டரி போன்ற எடைகளை இடம் மாற்ற வேண்டும். அமெரிக்காவின் நீள்வட்டத் தடப் பந்தயங்களில் கார்கள் ஒரே பக்கம் திரும்புவதால், இந்த இணைகளை வேண்டுமென்றே சமமற்று வைப்பர்.

நான்காவதாக வீல் அலைன்மென்ட் செய்யப்படுகிறது. உயரம் மாறியதும் கேம்பரும் டோவும் மாறிவிடுவதால், உயரமும் மூலைப்பாரமும் முடிந்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். இறுதியாகத் தணிப்பு. வில்லின் விறைப்பு இரு மடங்கானால், அதே அளவு அடக்கத்துக்குத் தணிப்பு சுமார் 1.4 மடங்காக வேண்டும். ஏனெனில் தேவையான தணிப்பு விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தணிப்பு குறைந்தால் மேட்டைத் தாண்டிய பின்னும் கார் ஆடும். மிகுந்தால் தொடர்ச்சியான மேடுகளில் வில் மீண்டும் விரிய நேரம் கிடைக்காமல் கார் படிப்படியாகத் தாழ்ந்துவிடும். குமிழை மென்மையான முனையில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே சாலையில் ஓட்டிப் பார்த்து, குறித்து வைப்பதே நம்பத்தக்க முறை.

தாழ்த்துதலின் விளைவுகள்

காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் கீழிறங்கும். திருப்பத்தில் பாரம் ஒருபக்கம் சாய்வது குறையும். இந்த நன்மைக்கு எல்லை உண்டு. மேல்நோக்கிய பயணம் 60 மி.மீ. உள்ள காரை 30 மி.மீ. தாழ்த்தினால் பாதியே மிஞ்சும். வில்லில் சேரும் ஆற்றல் அமுக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே ஆற்றலைப் பாதித் தூரத்தில் ஏற்க வில் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அப்போது இயல்பு அதிர்வெண் இரு மடங்காகும். வில்லை மாற்றாமல் தாழ்த்தினால், சக்கரம் விரைவில் ரப்பர் தடுப்பில் மோதும். திருப்பத்தின் நடுவே இவ்வாறு மோதினால் அந்த மூலையின் விறைப்பு நொடியில் பன்மடங்காகி, டயர் பிடிப்பை இழக்கும். ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்காது.

மெக்ஃபர்சன் தூண் கொண்ட கார்களில் மற்றொரு விளைவும் உண்டு. தாழ்த்தும்போது கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. அதனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட விரைவாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால், அதே வில்லோடு தாழ்த்திய கார் முன்பைவிட மிகுதியாகச் சாயலாம். ஸ்டீயரிங் கம்பியின் கோணம் மாறுவதால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகச் சற்றுத் திரும்பும் குறையும் ஏற்படலாம்.

இக்காரணங்களால் சில நாடுகள் இத்தகைய மாற்றங்களைக் கண்காணிக்கின்றன. ஜெர்மனியில் மரையுள்ள காயில் ஓவருக்கு உறுப்புச் சான்றிதழ் தேவை. அதில் அனுமதிக்கப்பட்ட உயர வரம்பு குறிப்பிடப்பட்டிருக்கும். பொருத்திய பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனம் காரைச் சோதித்துப் பதிவு செய்யும்.

இன்றைய நிலை

இன்று சில கார்களில் தணிப்பைக் கணினி நொடிக்குப் பலமுறை மாற்றுகிறது. காற்று வில்கள் உயரத்தை ஒரு பொத்தானால் மாற்றுகின்றன. எனினும் இலேசான ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பந்தயப் பயிற்சிக் கார்களிலும் எஃகு வில்லும் மரை வளையமும் தொடர்கின்றன. எடை குறைவு, விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது என்பன அதற்குக் காரணங்கள். பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்துப் போட்டிக்குக் கொண்டுவரும் சிறிய பந்தயக் கார்களிலும் இவ்வமைப்பே பெரும்பாலும் பயன்படுகிறது. ஹூக் விதி, தடையுறு அலைவு, நெம்புகோல் விகிதம், ஈர்ப்பு மையம் ஆகிய பாடங்கள் அனைத்தையும் ஒரே உறுப்பில் அளந்து பார்க்க அது அவர்களுக்கு வாய்ப்பளிக்கிறது.